விளக்கை அணைத்தது யார்?

மலேசியாவின் ராசா என்ற ஊரில் ஒரு வீடு. ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேத்தி தன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பினாங்கில் வேலை பார்க்கும் மாமாவோடு பாட்டியைப் பேச வைக்கிறாள். திரையின் மேல்விளிம்பில் கேமரா. அதன் பக்கத்தில் மிளகளவு ஒரு பச்சை விளக்கு. மகனின் முகத்தைவிடப் பாட்டி அந்த விளக்கைத்தான் அதிகம் பார்க்கிறார். அது எரிகிறவரை மகன் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர் கணக்கு.

பேச்சின் நடுவில் படம் உறைந்து நிற்கிறது. மாமாவின் வாய் பாதி திறந்தபடியே இருக்கிறது. பேத்தி இரண்டு மூன்று முறை தட்டிப் பார்க்கிறாள். செயலி சட்டென்று மறைந்து, வெறும் திரை மட்டும் மிஞ்சுகிறது. விளக்கும் கூடவே அணைந்துவிடுகிறது.

“ஏம்மா, நீயா வெளக்க நிப்பாட்டுன?”

“இல்ல பாட்டி, அந்த சாப்ட்வேர் தானா செத்துப்போச்சு.”

“அதுதான் செத்துப்போச்சுங்கிறியே. அப்ப வெளக்க யாரு நிப்பாட்டுனது?”

பாட்டி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கேமராவைத் திறக்கச் சொன்னது அந்தச் செயலி. மூடச் சொல்ல வேண்டியதும் அதுதான். அதுவோ கடைசி வார்த்தை சொல்லாமலே போய்விட்டது. வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோன வீட்டில் அடுப்பை அணைத்து, குழாயை மூடி, சாவியை ஒப்படைத்தது யார்?

முப்பது படம், நூற்றைம்பது பக்கம்

படம் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

கணினியில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அடியில் ஒரு நிரல் எப்போதும் விழித்திருக்கிறது. நினைவகத்தையும் கருவிகளையும் மற்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. கெர்னல் என்று கணினிக்காரர்கள் சொல்லும் இதை இங்கே கருநிரல் என்போம். கேமரா, பிரிண்டர், திரை என ஒவ்வொரு கருவியோடும் பேசத் தெரிந்த பகுதி டிரைவர். அது நமக்கு இயக்கி. உதாரணத்துக்கு லினக்ஸ் கருநிரலை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு வரியையும் யாரும் திறந்து படிக்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் ஓடுவதும் அதுதான். யூஎஸ்பி கேமராக்களுக்கு லினக்ஸில் இருக்கும் இயக்கியை லாரன்ட் பின்ஷார் எழுதினார். 2008-இல் அது கருநிரலில் சேர்ந்தது.

கேமரா 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் கொண்ட படத்தைச் சுருக்காமல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்கு 2 பைட். ஒரு படத்துக்கு 614,400 பைட். நொடிக்கு 30 படம் வந்தால் 18 மில்லியன் பைட்டைத் தாண்டுகிறது. இவ்வளவும் முதலில் வந்து விழுவது கருநிரலின் நினைவகத்தில்தான். செயலிக்கு அங்கே கால் வைக்க அனுமதி கிடையாது. இரண்டுக்கும் நடுவில் சுவர்.

ஒவ்வொரு படத்தையும் சுவருக்கு அந்தப் பக்கம் நகலெடுத்துக் கொடுக்கலாம். பழைய வழி அது. நொடிக்கு 18 மில்லியன் பைட்டை வாளியில் மொண்டு அடுத்த தொட்டியில் ஊற்றுகிற வேலை. பாட்டி ஒரு மணி நேரம் பேசினால் ஒரு மணி நேரமும் ஊற்ற வேண்டும்.

சுவரில் ஒரு வாசல் வைத்துவிட்டால் இந்த அலுப்பு இல்லை. படம் விழும் அதே நினைவகத்தைச் செயலியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வழி செய்துவிடலாம். செயலி பயன்படுத்தும் முகவரிகள் உண்மையான நினைவக முகவரிகள் அல்ல. இந்த முகவரி என்றால் உண்மையில் அந்த இடம் என்று சொல்லும் ஓர் அட்டவணையைக் கருநிரல் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அதில் சில வரிகளைச் சேர்த்தால், கருநிரலின் கையிலிருக்கும் இடம் செயலியின் முகவரியிலும் தெரியத் தொடங்கும். இப்படி ஓர் இடத்தை ஒரு நிரலின் முகவரிகளோடு கட்டி வைப்பதைப் பிணைப்பு என்று சொல்வோம். கணினிக்காரர்களுக்கு இது மேப்பிங். செயலி அதைக் கேட்டு வாங்கும் அழைப்பின் பெயர் எம்மேப்.

அட்டவணை ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரி போடாது. பெரும்பாலான கணினிகளில் 4,096 பைட் சேர்ந்தது ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒரு வரி. 614,400-ஐ 4,096-ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 150 வருகிறது. நம் ஒரு படத்துக்கு 150 பக்கம். ஒன்றில் எழுதும்போது இன்னொன்றைப் படிக்க வசதியாகச் செயலிகள் பல படங்களுக்கு இடம் கேட்டு வாங்கும். நான்கு என்றால் 600 பக்கம்.

சீட்டு

பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் கருநிரல் ஒரு சீட்டு எழுதி வைக்கிறது. எந்த முகவரியில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, படிக்க மட்டுமா, எழுதவும் உரிமை உண்டா, எந்தக் கருவியைச் சேர்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் ஓடுகிற எந்த நிரலின் சீட்டுகளையும் “மேப்ஸ்” என்ற கோப்பில் வரிவரியாகப் பார்க்கலாம். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது பேத்தி அந்தக் கோப்பைத் திறந்தால், நூலகங்களின் நீண்ட பட்டியலுக்கு நடுவே கேமராவின் பெயரோடும் சில வரிகள் இருக்கும். பாட்டியின் முகம் அந்த வரிகள் காட்டும் இடத்தில்தான் இருக்கிறது.

சீட்டில் இன்னொரு கட்டமும் உண்டு. இந்த அத்தியாயமே அந்தக் கட்டத்தைப் பற்றியது. அதில் ஒரு சிறு பட்டியலுக்கு வழி காட்டியிருக்கும். இந்தச் சீட்டுக்கு என்ன நேர்ந்தாலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது.

“ராசா வந்ததும் ஃபோன் போடு”

கோலாலம்பூரில் படிக்கும் பிள்ளை வெள்ளிக்கிழமை இரவு கொமுட்டர் ரயிலில் ஊருக்கு வருகிறது. அப்பா நிலையத்தில் போய் நின்று, வருகிற ரயிலுக்கெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் அப்படிச் செய்வதில்லை. “ராசா வந்ததும் ஃபோன் போடும்மா, மோட்டார எடுத்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறார். எண்ணைக் கொடுத்தாயிற்று. நேரம் வரும்போது அழைப்பு வரும்.

இயக்கியும் கருநிரலும் செய்துகொள்ளும் ஏற்பாடு இதுதான். தன் பிணைப்புகள் என்ன ஆயின என்று இயக்கி ஓயாமல் துழாவிக்கொண்டிருப்பதில்லை. பிணைப்பு உருவாகும்போதே தன்னிடமுள்ள சில சிறு நிரல்களின் முகவரிகளைப் பட்டியலாகச் சீட்டில் எழுதிவிடுகிறது. இன்னது நடந்தால் இதைக் கூப்பிடு. இப்படிக் கொடுத்து வைக்கும் நிரலைக் கால்பேக் என்பார்கள். நமக்கு மறுஅழைப்பு.

லினக்ஸின் பட்டியலில் பல மறுஅழைப்புகள் இருந்தாலும் மூன்றைத் தெரிந்துகொண்டால் பாதைக்கு வந்துவிடலாம். சீட்டுக்குப் புதிய பிரதி உண்டானால் ஓப்பன். ஒரு சீட்டு கிழிக்கப்பட்டால் குளோஸ். சீட்டு இருந்தும் அட்டவணையில் இடம் எழுதப்படாத முகவரியைச் செயலி தொட்டுவிட்டால் ஃபால்ட்.

லயத்து வீட்டுச் சாவி

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பம் அதில் இருக்கும். வீடு கொடுத்த நாளில் ஆபிஸில் கிராணியின் புத்தகத்தில் ஒரு வரி விழும். அவ்வளவோடு முடிந்தால் புத்தகமும் வீடும் ஒத்துப்போகும். வாழ்க்கை அப்படி விடுவதில்லை. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிறது. பலகை வைத்துத் தடுத்து ஒரு வீட்டை இரண்டாக்குகிறார்கள். பெயர் பதிந்த அப்பா வேலையை விட்டுப் போகிறார், தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னும் அடுப்பு எரிகிறது. புத்தகத்தை மட்டும் பார்த்து “வீடு காலி” என்று இன்னொருவரிடம் சாவியைக் கொடுத்தால் இரண்டு குடும்பம் ஒரே வாசலில் நிற்கும். வேலை போனால் கூரையும் போகும் என்ற பயத்திலேயே தலைமுறைகள் வாழ்ந்த இடம் அது. அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கனம் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும்.

கணினியில் நினைவகத்தைக் கொடுப்பது எளிது. கடைசி ஆள் வெளியேறிவிட்டாரா என்று அறிவதுதான் கடினம். ஓப்பன், குளோஸ் என்ற மறுஅழைப்புகள் இந்த ஒரு கேள்விக்காகத்தான் இருக்கின்றன.

எண்ணிப் பார்ப்போம்

நான்கில் ஒரு படத்துக்கான 150 பக்கத்தை மட்டும் பின்தொடர்ந்து போவோம். லினக்ஸில் வீடியோ இயக்கிகள் பலவும் சேர்ந்து பயன்படுத்தும் பொது நிரல்தொகுதி ஒன்று 2011-இல் வந்தது. கேமரா இயக்கியும் பிற்பாடு அதற்கு மாறிக்கொண்டது. அது ஒவ்வொரு படத்தின் இடத்துக்கும் ஓர் எண்ணை வைத்திருக்கிறது. இந்த இடத்தை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும் எண். பிடிமான எண் என்று வைத்துக்கொள்ளலாம்.

செயலி கேட்டதும் இயக்கி 150 பக்கத்தை ஒதுக்குகிறது. இயக்கியே ஒரு பிடிமானம். எண் 1.

செயலி எம்மேப் சொல்லி வாசல் கேட்கிறது. கருநிரல் சீட்டு எழுதி இயக்கியிடம் நீட்டுகிறது. இயக்கி 150 வரிகளையும் அட்டவணையில் ஒரே மூச்சில் நிரப்பி, மறுஅழைப்புப் பட்டியலைச் சீட்டில் ஒட்டுகிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இயக்கி எழுதப் பழகுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். முதல் சீட்டு பிறக்கும்போது கருநிரல் ஓப்பனைக் கூப்பிடுவதில்லை. சீட்டே இயக்கியின் கைக்குத்தான் வந்திருக்கிறது, அதற்குத் தெரியாமல் இருக்குமா என்பது அதன் நியாயம். அதனால் இயக்கி தன் ஓப்பனைத் தானே ஒருமுறை கூப்பிட்டுக்கொள்கிறது. எண் 2.

இனி இயக்கிக்குத் தெரியாமல் நடப்பவை.

படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலைக்காகச் செயலி தன்னைப் போலவே இன்னொரு நிரலைக் கிளைக்க வைக்கிறது. வாழைக்குப் பக்கக்கன்று விட்டது போல. தாயின் சீட்டுகள் கன்றுக்கும் பிரதியாகின்றன. கேமராச் சீட்டும் அதில் ஒன்று. செயலி இதைக் கேமரா இயக்கியிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. ஆனால் பிரதி எடுக்கிற கை கருநிரலின் கை. அது பட்டியலைப் பார்த்து ஓப்பனைக் கூப்பிடுகிறது. எண் 3.

அடுத்து ஒரு விசித்திரம். முகத்தின் நடுப்பகுதி இனி வேண்டாம் என்று தாய்ச் செயலி 150 பக்கத்தில் நடுவிலுள்ள 50-ஐ மட்டும் திருப்பிக் கொடுக்கிறது. நல்ல செயலி எதுவும் வழக்கமாக இப்படிச் செய்வதில்லை. விதியில் இடம் இருக்கிறது, ஆகவே யாராவது என்றாவது செய்வார்கள். சீட்டுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும்தான் உண்டு, நடுவில் ஓட்டை போட முடியாது. கருநிரல் சீட்டை மூன்றாக வெட்டுகிறது. ஒன்று மூன்றாகும்போது புதிதாக இரண்டு சீட்டு. ஓப்பன் இரண்டு முறை, எண் 5. பிறகு நடுச்சீட்டைக் கிழிக்கிறது. குளோஸ் ஒரு முறை, எண் 4.

சரிபார்க்கலாம். இயக்கியின் பிடி ஒன்று. தாயிடம் முன்னும் பின்னுமாக இரண்டு துண்டு. கன்றிடம் முழுச்சீட்டு ஒன்று. நான்கு. பலகை வைத்துத் தடுத்த வீட்டைக் கிராணி நேரில் வந்து எண்ணியது போல ஒத்துவருகிறது.

கன்று தன் வேலையை முடித்து விலகுகிறது. எண் 3. தாய்ச் செயலி உறைந்து, செத்து விழுகிறது. அதன் இரண்டு துண்டுகளையும் கருநிரல் கிழிக்கிறது. எண் 1. இயக்கி மட்டும் மிச்சம். அதுவும் கையை விட்டதும் சுழியம். அந்த நொடியில்தான் 150 பக்கமும் பொதுக் குவியலுக்குத் திரும்புகின்றன, அதற்கு ஒரு நொடி முன்னாலும் இல்லை.

இந்த எண்ணில் ஒன்று கூடிப்போனால் இடம் எப்போதுமே திரும்பாது. நான்கு படத்துக்கு 2,457,600 பைட். செயலி நூறு முறை விழுந்து எழுந்தால் 245 மில்லியன் பைட்டுக்கு மேல் யாருக்கும் உதவாமல் கிடக்கும். பெட்டியை அணைத்துப் போட்டால்தான் விடுதலை. “அணைச்சுப் போட்டா சரியாயிடும்” என்று நாம் பழகிக்கொண்ட மருந்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குப் பிழைகளும் உண்டு.

ஒன்று குறைந்துபோனால் அதைவிட மோசம். யாரோ இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் காலி என்று முடிவாகிவிடும். கருநிரலின் மற்ற காவல்கள் குறுக்கே நிற்காத வகைப் பிணைப்பாக இருந்தால், அந்த இடம் இன்னொரு நிரலுக்குப் போய்ச் சேரும். அந்த நிரல் அதில் வங்கிக் கடவுச்சொல்லை எழுதினாலும் பழைய வாசல் வழியாகத் தெரியும். இரண்டு குடும்பம், ஒரே வாசல்.

தொட்டால் வருவது

மேலே இயக்கி 150 வரிகளையும் முன்கூட்டியே நிரப்பியது. எல்லாக் கருவிக்கும் அது தோதுப்படாது. பெரிய நினைவகத்தில் செயலி எந்த மூலையைத் தொடும் என்று தெரியாதபோது முழுவதையும் நிரப்புவது வீண். அங்கே இயக்கி சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அட்டவணையை வெறுமையாக விடும். செயலி முதன்முறை ஒரு பக்கத்தைத் தொடும்போது கணினியின் செயலகம் (சிபியூ) வரி இல்லையே என்று கருநிரலைத் தட்டுகிறது. கருநிரல் சீட்டைத் தேடி எடுத்து ஃபால்ட் மறுஅழைப்பைக் கூப்பிடுகிறது. இயக்கி ஒரு பக்கத்தைக் கொடுக்க, வரி எழுதப்படுகிறது. செயலி தான் நின்ற இடத்திலிருந்து, நின்றதே தெரியாமல், தொடர்ந்து ஓடுகிறது.

ஆங்கிலத்தில் இதற்குத் தவறு என்று பெயர் வைத்தது பொருத்தமில்லை. யாரும் தவறு செய்யவில்லை. பக்க இடறல் என்பது நெருக்கமாக வருகிறது. இடறியதும் கை கொடுக்க ஆள் நிற்கிறது.

இந்த மறுஅழைப்புக்கு முன்பு நோபேஜ் என்று பெயர். 2007 அக்டோபரில் வந்த 2.6.23 பதிப்பில் ஃபால்ட் அந்த இடத்துக்கு வந்தது. நோபேஜ் பிறகு அடியோடு எடுக்கப்பட்டது. இயக்கி எழுதக் கற்கும் மாணவர்கள் இன்றும் தேடிப் படிக்கும் நூல் ருபினி, கார்பெட், குரோவா-ஹார்ட்மன் மூவரும் எழுதிய “லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்”. அதன் மூன்றாம் பதிப்பு 2005-இல் வந்தது, அதில் இருப்பது நோபேஜ்தான். உதாரணத்தை அப்படியே தட்டெழுதி, ஏன் ஓடவில்லை என்று இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு அந்த இரண்டு வருட இடைவெளியை யாராவது முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நூல் சொல்லும் ஓப்பன், குளோஸ் கணக்கு இன்னும் அப்படியே நிற்கிறது.

  

ஜெயா குமாரின் ஒரு நொடி

2007 ஜூலையில் வந்த 2.6.22 பதிப்பில், இந்த மறுஅழைப்புகளை வைத்து நடந்த அழகான வேலை ஒன்று இருக்கிறது. எழுதியவர் ஜெயா குமார். மின்மைத் திரைகளுக்கான இயக்கிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர் அவர்.

மின்மைத் திரை என்பது மின்நூல் படிப்பான்களில் இருக்கும் காகிதம் போன்ற திரை. மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து அழியாது. ஆனால் மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும். சாதாரணத் திரைக்குப் பழகிய செயலிகளோ திரையின் நினைவகத்தைப் பிணைத்துக்கொண்டு, நினைத்த நேரத்தில் நினைத்த புள்ளியில் எழுதிக்கொண்டே போகும். யாரிடமும் சொல்லாது. ஒவ்வொரு புள்ளிக்கும் திரையைப் புதுப்பிக்க முயன்றால் விடிந்துவிடும்.

அவர் தயாரித்த திரை இயக்கி ஒன்றில் திரை 600-க்கு 800 புள்ளி, கறுப்பு வெள்ளை. புள்ளிக்கு ஒரு பிட். மொத்தம் 60,000 பைட், 15 பக்கத்துக்குள் அடங்கிவிடும். செயலிக்கு உண்மையான திரையைக் கொடுக்காமல் சாதாரண நினைவகத்தில் 15 பக்கத்தைக் கொடுக்கிறது இயக்கி. கொடுக்கும்போது எழுதும் உரிமையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறது. செயலி ஒரு பக்கத்தில் முதல் புள்ளியை எழுதப் போகும்போது இடறுகிறது. அப்போது பட்டியலிலிருந்து இன்னொரு மறுஅழைப்பு எழுகிறது, எழுதப் போகிறார்கள் என்று சொல்லும் மறுஅழைப்பு. இயக்கி அந்தப் பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு எழுதும் உரிமையைக் கொடுக்கிறது, கடிகாரத்தில் ஒரு நொடி வைக்கிறது. அதன்பின் அந்தப் பக்கத்தில் செயலி ஆயிரம் புள்ளி எழுதினாலும் தடையில்லை, செலவும் இல்லை. நொடி முடிந்ததும் இயக்கி வந்து, குறித்து வைத்த பக்கங்களின் எழுதும் உரிமையை மறுபடி வாங்கிக்கொண்டு, திரையைப் புதுப்பிக்கிறது. அடுத்த எழுத்துக்கு மீண்டும் இடறல், மீண்டும் குறிப்பு.

மின்மைத் திரையில் இடைப்பட்ட நிலைகள் யாருக்கும் வேண்டாம், கடைசிப் படம் வந்தால் போதும் என்ற கவனிப்பிலிருந்து பிறந்த ஏற்பாடு இது. செயலியில் ஒரு வரியைக்கூட மாற்றத் தேவையில்லை. தான் எழுதுவது காகிதத்திலா கண்ணாடியிலா என்று அதற்குத் தெரியாது. மறுஅழைப்பு என்ற சிறு கருவியை இதைவிட நயமாகப் பயன்படுத்திய இடங்கள் குறைவு.

அளக்காமல் திறந்த வாசல்

வாசல் வைக்கும்போது அளந்து வைக்க வேண்டும். செயலி கேட்கும் தொடக்கமும் நீளமும் தன் கருவியின் எல்லைக்குள்தானா என்று பார்ப்பது இயக்கியின் பொறுப்பு. கருநிரல் அதை இயக்கியிடம் நம்பி விட்டிருக்கிறது.

2012 டிசம்பரில் அந்த நம்பிக்கை பொய்த்தது வெளியே தெரிந்தது. சாம்சங்கின் எக்சினோஸ் 4 வகைச் சில்லு கொண்ட கைப்பேசிகளில் ஓர் இயக்கி, கேட்டவர்க்கெல்லாம் கேட்ட இடத்தைப் பிணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. கேலக்ஸி எஸ்3, நோட் 2 என அன்று பலர் சட்டைப்பையில் இருந்த கைப்பேசிகளும் அதில் அடக்கம். அந்தக் கருவியைத் திறக்க எந்தச் செயலிக்கும் அனுமதி இருந்தது. திறந்து, எம்மேப் சொன்னால், கைப்பேசியின் முழு நினைவகமும் கண்முன். கருநிரலின் சொந்த இடமும் அதில் சேர்த்தி. விளையாட்டு என்று சொல்லி இறக்கிய ஒரு செயலி வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். தன்னார்வலர் ஒருவர் இணையத்தில் இதை வெளிப்படுத்திய பிறகு நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. மறுஅழைப்புகளும் எண்ணிக்கையும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், முதல் வாசலை வைக்கும் அந்த ஒரு நிரலில் ஓர் ஒப்பீடு விடுபட்டால் போதும்.

பாட்டிக்குப் பதில்

செயலி செத்த நொடிக்குத் திரும்புவோம்.

நிரல் உறைந்து விழுந்தாலும், யாராவது கொன்றாலும், அதற்குக் கடைசி வேலை செய்ய வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். ஒரு கட்டளைகூட அதன் கையால் ஓடாது. அதன் சாவுக்குப் பிந்திய வேலைகளைச் செய்வது கருநிரல். லினக்ஸில் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நினைவகம். நிரல் வைத்திருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழிக்கிறது. கிழிக்கும்போதெல்லாம் பட்டியலைப் பார்த்து, குளோஸ் இருந்தால் கூப்பிடுகிறது. கேமராவின் நான்கு படங்களுக்கும் பிடிமான எண் இறங்குகிறது.

அடுத்து, நிரல் திறந்து வைத்திருந்த கோப்புகளும் கருவிகளும். கேமராவும் ஒரு கோப்பாகத்தான் திறக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு சீட்டும் அந்தக் கோப்பையும் தன் பங்குக்குப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே ஒரு செயலி கோப்பை மட்டும் மூடிவிட்டுப் பிணைப்பை விடாமல் வைத்திருந்தால், கேமராவின் கோப்பு உண்மையில் மூடப்படுவதில்லை. சீட்டுகள் எல்லாம் போய், கோப்பின் கடைசிப் பிடியும் போன பிறகே இயக்கிக்கு முழு விடுதலை என்ற செய்தி வருகிறது. அப்போதுதான் அது யூஎஸ்பி கம்பி வழியாகக் கேமராவிடம் படம் அனுப்புவதை நிறுத்தச் சொல்கிறது. படங்களின் இடத்திலிருந்து தன் சொந்தப் பிடியையும் விடுகிறது. எண் சுழியம். 600 பக்கமும் திரும்புகின்றன.

படம் பிடிப்பது நின்றதும் கேமரா தன் விளக்கைத் தானே அணைத்துக்கொள்கிறது.

வெளியே செருகும் கேமராவாக இருந்து, பேச்சின் நடுவில் யாராவது அதன் கம்பியையே பிடுங்கியிருந்தால்? கருவி போய்விட்டது, படம் இருந்த நினைவகம் போகவில்லை. செயலி இன்னும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கேமரா இல்லை என்பதற்காக இடத்தைப் பறித்தால் செயலி காலியான முகவரியில் கால் வைத்து விழும். அதனால் இயக்கி காத்திருக்கிறது. புதிய படம் வராது, பழைய படம் கடைசிச் சீட்டு கிழியும்வரை இருக்கும்.

ராசா வீட்டில் பேத்தி செயலியை மறுபடி திறக்கிறாள். புதிதாக நான்கு படத்துக்கு இடம். எண் 1. வாசல் கேட்டதும் 2. மாமாவின் முகம் இன்னும் வரவில்லை, பச்சை விளக்கு எரிகிறது.

“இந்தா, வந்துருச்சு பாரு,” என்று பாட்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.